வரம்போரத்துத் தேரை

மாரிமழை பெய்து ஓய்ந்த இரவிலே வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், தெருவிளக்கின் கீழ் அசைவின்றி அமர்ந்திருக்கும் சொறி படர்ந்த சிற்றுருவம் ஒன்றைக் கண்டிருப்பர். ஒளியை நாடி வந்து விழும் ஈசல்களை அது நாவை நீட்டி ஒவ்வொன்றாகக் கவர்ந்து விழுங்கும். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளின் குழாயடியிலும் பூச்சாடிகளின் மறைவிலும் அதே பிராணியைக் காணலாம். “ஐயோ, தேரை!” என்று பிள்ளைகள் அலறுவார்கள், நாமும் தும்புத்தடியைத் தேடுவோம். நகரத்திலே நம் வெறுப்புக்கு ஆளாகும் இவ்வுயிர், நமக்கு உணவளிக்கும் கமநிலங்களில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருவதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

நீரிற் பிறப்பு, நிலத்தில் வாழ்வு

தேரை எப்பொழுதும் நீரில் வாழ்வது என்று கருதுவது தவறு. மழைக்காலத்தில் பெண் தேரை தேங்கிய நீரில் முட்டையிடும். பளிங்கு நூலிலே கருமணிகளைக் கோத்தாற்போல ஆயிரக்கணக்கான முட்டைகள் அமைந்திருக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் கரிய வாற்பேய்கள் சில வாரங்களிற் கால் முளைத்துக் கரையேறும். அதன்பின் அவற்றின் வாழ்வு பெரும்பாலும் தரையிலேதான்.

தரையில் அதற்கு வேண்டியவை இரண்டு: ஈரமும் மறைவும். தேரை வாயால் நீர் பருகுவதில்லை. தோலின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கின்றது. வெயிலில் அகப்பட்டால் உலர்ந்து மடியும். ஆதலால், பகலெல்லாம் வரம்பின் வளைகளிலும் கற்குவியல்களின் அடியிலும் சருகினுள்ளும் ஒடுங்கியிருந்து, இருண்டபின் வெளிவந்து எறும்பு, கறையான், வண்டு முதலியவற்றை உண்ணும்.

ஐரோப்பாவில் ஆராய்ச்சியாளர்கள் தேரைகளின் உடலிலே மிகச் சிறிய வானொலிக் கருவிகளைப் பொருத்தி அவற்றைப் பின்தொடர்ந்தனர். முட்டையிடும் காலம் போக எஞ்சிய நாட்களை அவை வேலியோரப் புதர்களிலும், வளைகளிலும், உழாது விட்ட நிலத்துண்டுகளிலும் கழித்தன. எனவே, குளத்தை மாத்திரம் காத்தாற் போதாது; உழாத ஓரமும் வேண்டும்.

வயலும் வேலியும்

குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நீர்ப்பாசன நெல்வயல் ஒன்றை ஆராய்ந்த சன்ன பம்பரதெனிய முதலியோர், அங்கே 494 வகை முதுகெலும்பில்லாப் பிராணிகளையும் 103 வகை முதுகெலும்புள்ள பிராணிகளையும் கண்டு, 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயல் என்பது நெற்பயிருக்கு மட்டும் உரிய இடமன்று என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டுத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் நட்ட வேலியின் அடியிலே சருகு சேரும், ஈரம் தங்கும், தேரைக்கு இடமிருக்கும். இன்று பலவிடங்களில் வேலிகள் சீமெந்து மதில்களாகிவிட்டன. மதிலடியில் ஒதுங்க இடமுமில்லை. மறுபுறம் செல்ல வழியுமில்லை.

மருந்துகளின் தீமையோ வேறு. வயல்களில் வழக்கமாகத் தெளிக்கப்படும் நான்கு மருந்துகளைத் தேரையின் வாற்பேய்களிற் சோதித்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றால் இறப்பு மிகுந்ததையும் முதுகெலும்பு வளைதல் போன்ற ஊனங்கள் உண்டானதையும் 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

வீண்பழி

தென்னையிலே ஒல்லிக்காய் கண்டால் “தேரை மோந்துவிட்டது” என்பது நம் வழக்கு. தேரையோ மரமேறி வாழும் பிராணியன்று. மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவுமே காய் வெறிதாவதற்குக் காரணங்கள். காய் சிறுத்து வடுப்படுவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத தென்னைச் சிற்றுண்ணி ஒரு காரணம். அது இலங்கையில் 1997ஆம் ஆண்டு கற்பிட்டிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. தேரையைத் தொட்டாற் பாலுண்ணி வரும் என்பதும் பொய்யே. அதன் கண்களுக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு என்பது மெய். ஆகையால் தொட்ட பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டாற் போதும்.

அடுத்த மழையிரவில் குழாயடியில் தேரையைக் கண்டால் தும்புத்தடியை எடாதிருப்போம். ஊரிற் காணியுள்ளோர் வேலியோரத்தில் ஒரு முழமேனும் கொத்தாமல், மருந்தடிக்காமல் விட்டுவைப்பாராக. கல்லுக்குள் தேரையையும் காப்பவன் ஒருவன் உண்டு என்பர் நம் முதியோர். அந்தக் கல்லையாவது நாம் அகற்றாமல் இருக்க வேண்டாமா?