460 கிலோ காசு கொடுத்து கார் வாங்கிய வாலிபர்!
‘செல்லாது’ புரளி செய்த வேலை

தர்மபுரி மாவட்டத்தில் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வாலிபர் கார் வாங்கினார். விலை ரூ.6 லட்சம். அத்தனையும் 10 ரூபாய் நாணயங்கள்!

மூட்டை மூட்டையாகக் காசு வந்து இறங்கியதும் ஷோரூம்காரர்கள் தயங்கினார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள். உட்கார்ந்து எண்ணினார்கள்.

ஒரு 10 ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம். 6 லட்சத்துக்கு 60 ஆயிரம் காசு. கணக்குப் போட்டால் சுமார் 460 கிலோ. 6 பேர் ஏறிய பாரம்.

விளம்பர ஆசையா? இல்லை. அவருடைய தாயார் கடை வைத்திருந்தார். கடையில் 10 ரூபாய் நாணயம் சேர்ந்துகொண்டே போனது. சில்லறையாகத் திருப்பிக் கொடுத்தால், ‘காயினா? வேணாங்க, நோட்டா குடுங்க’ என்று ஆட்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அந்தக் காசை வைத்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் ஒரு மாதம் போல அலைந்து காசு சேர்த்தார். இது செல்லும் என்று ஊருக்குக் காட்டினார்.

10 கோடா? 15 கோடா?

நல்ல காசு எப்படிக் கெட்ட காசு ஆனது? எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கதைதான். ‘10 கோடு போட்ட காசு அசல், 15 கோடு போட்ட காசு போலி. ரூபாய் குறி இல்லாவிட்டால் வாங்காதே’ என்றது அந்தக் கதை.

நடந்தது இதுதான். 10 ரூபாய் நாணயம் 2009-ம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தபோது அதில் 15 கோடுகள் இருந்தன. ரூபாய்க்கு என்று தனிக் குறியை மத்திய அரசு ஏற்றதே 2010-ல்தான். 2011-ல் குறியைச் சேர்த்துப் புது அச்சு போட்டார்கள். கோடு பத்தாகக் குறைந்தது. பிறக்காத குறியை 2009-ம் வருடக் காசில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மாடல் மாறினால் பழைய சைக்கிள் திருட்டு சைக்கிள் ஆகிவிடுமா?

கள்ளக்காசே கிடையாதா என்றால், உண்டு. டெல்லிப் பக்கம் 2016-ல் ஒரு கும்பல் பிடிபட்டது. ஆனால் கோட்டை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது. கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு 10 கோடு போடத் தெரியாதா என்ன!

இரண்டு வகையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. 2018 ஜனவரி 17-ந்தேதி மறுபடியும் அறிவித்தது. அதுவரை வந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்றது. சந்தேகம் தீர்க்க 14440 என்ற இலவச எண்ணும் தரப்பட்டது. அறிவிப்பு பேப்பரில் வந்தது. புரளி செல்போனில் வந்தது. எது முந்தும்?

நோட்டில் ‘சிப்’

வேடிக்கை என்னவென்றால், அதே 2016 நவம்பரில்தான் புது 2 ஆயிரம் ரூபாய் நோட்டில் ‘நானோ சிப்’ இருக்கிறது என்ற கதையும் கிளம்பியது. பூமிக்கு அடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். சில டி.வி.க்களே படம் போட்டு விளக்கின.

உங்கள் செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அது செயற்கைக்கோளின் சிக்னலை வாங்கித்தான் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடுகிறது. வாங்குவதற்கு ஆன்டெனா வேண்டும், பேட்டரி வேண்டும். கணக்கிட்ட இடத்தை இன்னொருவருக்குச் சொல்ல டவர் வேண்டும். கட்டிடத்தின் தரைக்கீழ் தளத்துக்குப் போனாலே தடுமாறும். காகித நோட்டில் பேட்டரியை எங்கே ஒளிப்பது? 120 மீட்டர் மண்ணைத் துளைத்து சிக்னல் எப்படிப் போகும்?

சிப் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி அப்போதே மறுத்தது. 2023 மே 19-ந்தேதி அந்த நோட்டைப் புழக்கத்தில் இருந்து திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தபோது ஜனங்கள் வங்கிக்குப் போய் வரிசையில் நின்றுதான் மாற்றினார்கள். எந்தச் செயற்கைக்கோளும் தேடி வரவில்லை.

ஆக, காகிதத்தில் இல்லாத சிப்பை நம்பினோம். காசில் கண்ணெதிரே இருக்கும் அரசாங்க முத்திரையை நம்பவில்லை.

சிப் கதையால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. காசுக் கதை அப்படி அல்ல. வாடிக்கையாளர் வாங்கமாட்டார், மொத்த வியாபாரியும் வாங்கமாட்டார் என்றால், நடுவில் நிற்கும் பெட்டிக்கடைக்காரர் என்ன செய்வார்? டப்பாவில் 200 காசு தூங்கினால் 2 ஆயிரம் ரூபாய் முதல் தூங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை செல்லும். அதற்கு மேல் கொட்டினால் வாங்க மறுக்கலாம். 6 லட்சத்தை வாங்கமாட்டோம் என்று ஷோரூம்காரர்கள் சொல்லியிருந்தால் சட்டம் அவர்கள் பக்கம். டீக்கு ஒற்றைக் காசை நீட்டியவரிடம் ‘செல்லாது’ என்று சொன்ன கடைக்காரர் பக்கம் எந்தச் சட்டமும் இல்லை.

கல்லாவில் காசு முடங்கியவர்கள் வங்கிக்குக் கொண்டு போகலாம். எல்லாக் கிளைகளும் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பாலிதீன் பைகளில் நூறு நூறாகப் போட்டுக் கொண்டு போனால் காசாளருக்கும் சவுகரியம் என்று ஒரு யோசனையும் அதிலேயே இருக்கிறது.