‘ஒரு கட்டிங் கொடுத்தா சரியாயிடும்’: மருத்துவமனைகள் ஏன் கொடுப்பதில்லை?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தவர், அரியலூர் பக்கம் சிமென்ட் லாரி உரசி அடிபட்டவர் என யாரை வார்டில் சேர்த்தாலும் நர்ஸ் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "குடிப்பழக்கம் இருக்கா?" கூட நிற்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், "அதெல்லாம் இல்லீங்க சிஸ்டர், எப்பவாச்சும் நல்லது கெட்டதுக்கு."

என் பெரியப்பாவைக் கால் எலும்பு முறிந்து சேர்த்தபோது பெரியம்மாவும் இதையேதான் சொன்னார். மறுநாள் பெரியப்பாவுக்குக் கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் ராத்திரி, "கொல்லையில மாடு அவுத்துக்கிச்சு, பிடிங்கடா" என்று கத்திக்கொண்டு டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார். பக்கத்து பெட்டுக்காரரின் துணைக்கு வந்திருந்த பெரியவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கட்டிங் வாங்கியாந்து ஜூஸ்ல கலந்து குடு. அரை மணி நேரத்துல அடங்கிடுவாரு" என்றார். அண்ணன் கிளம்பியும்விட்டான். படியில் எதிரே வந்த நர்ஸிடம்தான் உண்மையைச் சொன்னான். பதினைந்து வருஷமாக தினமும் ரெண்டு குவார்ட்டர்.

அந்தப் பெரியவர் சொன்னது பொய்யா? இல்லை. அதுதான் இதில் உள்ள சிக்கல்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் ஒரு பிரேக்கும் ஒரு ஆக்ஸிலரேட்டரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரேக்கின் பெயர் ‘காபா’, ஆக்ஸிலரேட்டரின் பெயர் ‘குளூட்டமேட்’. மது பிரேக்கை அழுத்துகிறது. வருஷக்கணக்கில் தினமும் அழுத்தினால், மூளை அதைச் சமாளிக்க ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி, பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. அந்த நிலையில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வண்டி தறிகெட்டு ஓடும்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாத பூச்சி, இல்லாத மாடு எல்லாம் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், எகிறும் நாடித்துடிப்பு என வரும் கடைசிக் கட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களுக்குள் வரும். இதை மருத்துவத்தில் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்கிறார்கள். நம்ம ஊரில் ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

எல்லாக் குடிகாரர்களுக்கும் இந்த அளவுக்குப் போகாது. யாருக்குப் போகும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது என்பதால்தான் டாக்டர்கள் பயப்படுகிறார்கள்.

அப்போ குடிக்கவே கொடுத்துவிடலாமே?

கொடுத்தால் நடுக்கம் நிற்கும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் பொதுவாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை கரைக்கும். பழகிய உடம்பு இன்னும் வேகமாகக் கரைக்கும். ஆக, கட்டிங் போட்டால் சில மணி நேரம், அப்புறம் மறுபடி நடுக்கம். வார்டில் குளோர்டயசெபாக்சைடு, டயசிபம் மாதிரி மாத்திரைகள் கொடுக்கிறார்கள். இவையும் மது அழுத்திய அதே பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. ஆனால் மெதுவாக உடம்பை விட்டு வெளியேறுவதால் தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிட முடிகிறது. கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபம். நோயாளியின் நடுக்கம், வியர்வை, பதற்றம் என 10 விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு எவ்வளவு மருந்து என்று முடிவு செய்யும் முறையும் உண்டு.

ஜூஸில் கலந்த கட்டிங்குக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. நர்ஸ் ஏற்கெனவே தூக்க ஊசி போட்டிருக்கிறார், அதன்மேல் ரகசியமாக மது போகிறது என்றால் மூச்சே நின்றுவிடலாம். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு நோயாளியின் வயிற்றில் இருப்பது தெரியாது.

இன்னொன்று, பலரும் பேசாத விஷயம்: தயாமின் எனப்படும் வைட்டமின் பி1. நாள்பட்ட குடியில் சரியாகச் சாப்பிடாமல் இந்தச் சத்து காலியாகியிருக்கும். அது இல்லாமல் போனால் நடை தள்ளாடி, பார்வை தடுமாறி, ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடக்கூடும். அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றும்போது தயாமின் ஊசியைத் தள்ளிப்போடாமல் கொடுக்கிறார்கள். கட்டிங்கில் பி1 கிடையாது!

வெளிநாடுகளில் சில மருத்துவமனைகள், குறிப்பாக அறுவை சிகிச்சை வார்டுகள், ஆல்கஹாலையே டிரிப்ஸில் ஏற்றிப் பார்த்தன. 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், விபத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 50 பேரை ஆல்கஹால் டிரிப்ஸ், டயசிபம் என இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஆல்கஹாலுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. நோயாளியைச் சரியான அமைதி நிலையில் வைப்பதில் டயசிபமே மேல் என்று தெரிந்தது.

டாக்டர் சீட்டில் மது: கேரளா செய்த முயற்சி

2020 மார்ச் ஊரடங்கு. மதுக்கடைகள் மூடப்பட்டன. கேரளாவில் மது கிடைக்காத விரக்தியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. மார்ச் 30 அன்று கேரள அரசு ஒரு உத்தரவு போட்டது: விலகல் அறிகுறி இருப்பதாக அரசு டாக்டர் எழுதிக் கொடுத்தால், கலால் துறையில் பாஸ் வாங்கி மது பெறலாம். டாக்டர்கள் கொதித்துவிட்டார்கள். அரசு மருத்துவர்கள் சங்கம் ஏப்ரல் 1-ஐக் கறுப்பு தினமாக அனுசரித்தது. எம்.பி. டி.என்.பிரதாபன் உள்ளிட்டோர் வழக்குப் போட, ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவுக்கு மூன்று வாரம் தடை விதித்தது. இந்த நோய்க்கு மதுவே மருந்து என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் கவலை.

அரசு பயந்தது நியாயமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. டாஸ்மாக் மூடியிருந்த அதே நாட்களில், புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூன்று மீனவர்கள் இறந்துபோனார்கள். ஆனால் தேவைப்பட்டது பாட்டில் அல்ல. பக்கத்திலேயே படுக்கையும் மாத்திரையும்.

மது மருந்தாகும் ஓர் இடம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனாலைக் கல்லீரல் உடைக்கும்போதுதான் கண்ணைப் பறிக்கும் விஷம் உருவாகிறது. சாதாரண ஆல்கஹாலைக் கொடுத்தால் கல்லீரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும். மெத்தனால் உடையாமல் வெளியேற நேரம் கிடைக்கும். ஃபோமெபிசோல் என்ற மருந்து கைவசம் இல்லாத இடத்தில் இது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. அதுவும் அளந்து, ரத்தப் பரிசோதனையோடு. "அங்க குடுத்தாங்களே, இங்க ஏன் குடுக்கல?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அது விஷமுறிவு, இது வேறு.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். மீதிப் பேரின் பழக்கம் முதன்முதலாக டாக்டர் கண்ணில் படுவதே கால் உடைந்தோ, வயிறு வீங்கியோ வரும்போதுதான்.

அந்த நேரத்தில் மூன்று விஷயங்களை நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்க: தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போ குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. மாமனார் பக்கத்தில் நிற்கிறாரே என்று கூச்சமாக இருந்தால் தனியாகப் போய்ச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இதே ஆபத்து உண்டு. சபரிமலைக்கு மாலை போடுகிறவர், மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர் எல்லாம் ஒரே நாளில் நிறுத்துவார்கள். தினமும் நிறைய குடிப்பவராக இருந்தால், மாலை போடும் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஆலோசனைக்கு 104, அல்லது ‘டெலி மனாஸ்’ 14416. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108.

பெரியப்பா அந்த ஊசிக்குப் பிறகு ஒன்றரை நாள் தூங்கினார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாட்டைப் பிடிச்சீங்களாடா?"