திருத்தணி ரயிலும் பழைய புத்தகமும்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேடிப் போய்ப் படிக்கவில்லை. 1888-ல் திருத்தணியில் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு வந்தபோது கையில் காசில்லை. அதே கல்லூரியில் தத்துவம் முடித்த உறவினர் ஒருவர் தம் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் கிடைத்த பாடமே படிப்பானது!

அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. கொஞ்சம் நடந்தால் சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900-ல் திறந்த செங்கல் கட்டடம். கிளிக்குஞ்சு முதல் கிராமபோன் தட்டு வரை விற்றாலும், வாசகர்கள் மனதில் அது நின்றது பழைய புத்தகத்தால்தான். பேரம் பேசத் தெரியாதவருக்கு அங்கே பிழைப்பில்லை.

சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இங்கேதான் பழைய புத்தகங்களைத் தேடிப் பொறுக்கினார். 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவரது சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையிலேயே ஆய்வு நூலகமானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் அந்த வாசலை மிதிக்காமல் முடியாது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. திருத்தணி மின்சார ரயில் வந்து நிற்பது அங்கேதான். ரயில்வே அட்டவணையில் அதன் பெயர் இன்னமும் 'மூர் மார்க்கெட் வளாகம்'.

கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே இப்போது நீட், பொறியியல், டிஎன்பிஎஸ்சி புத்தகங்களின் ராஜ்ஜியம். இலக்கிய வாசகர்கள் இதற்கு முகம் சுளிப்பது நியாயமில்லை. குறைந்த விலைக்குப் பாடப்புத்தகம் தேடி வரும் மாணவருக்கு ராதாகிருஷ்ணன் நிலைமைதானே?

ஆனால் இந்தக் கடைகளுக்கு நிலையான இடம் வேண்டுமே! சிங்கப்பூரில் பிராஸ் பசா பகுதிப் புத்தகக் கடைகளுக்கு 1980-ல் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளங்களை அரசே ஒதுக்கியது. நம் ஊரில் பாதிக் கடைகள் நடைபாதையில் தார்ப்பாய் போர்த்தி மழையைக் கடக்கின்றன.

இந்தக் கடைகள் மறைந்தால் கிடைக்காமல் போவது புத்தகம் மட்டுமல்ல. 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமையான நாவல், எங்கும் வாங்கலாம். ஆனால் 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தபடியே, மணியம் ஓவியங்களோடும் அக்கால விளம்பரங்களோடும் வேண்டுமென்றால், யாரோ ஒரு வீட்டில் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புதான் கதி.

அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, அப்படி ஒன்று கையில் அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.