பலகை விழுந்தால் ஸ்குரூவைத் திட்டாதீர்கள்!

சனிக்கிழமை மாலை. ஹார்டுவேர் கடையில் நல்ல கூட்டம். புது ஃபிளாட்டுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகாத ஒருவர் உள்ளே வருகிறார்.

"அண்ணே, ரெண்டு இஞ்ச் ஸ்குரூ பத்து குடுங்க. பையனுக்கு புக் ஷெல்ஃப் மாட்டணும்."

கடைக்காரர் டப்பாவைத் தொடவில்லை. "சுவரு என்ன சுவரு சார்?"

"சுவருதாண்ணே... சிமென்ட் சுவரு!"

எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்கக் கூடிய பதில் இது. சுவரிலிருந்து பெயர்ந்து விழும் பலகைகளில் பல, இந்த பதிலிலிருந்தே விழத் தொடங்கிவிடுகின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சுவரும் சிமென்ட் சுவர்தான். உள்ளே கதை வேறு. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் தூண், பீம், கூரை மட்டும்தான் கான்கிரீட். நடுவில் இருப்பது செங்கல், ஹாலோ பிளாக், அல்லது எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக். புது அடுக்குமாடிகள் சிலவற்றில் அலுமினியப் பலகை அடைத்து சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் காலண்டருக்கு ஆணி அடிக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளைந்த ஆணியைத் தேடிப் பொறுக்குவதுதான் மிச்சம்.

எது என்ன சுவர் என்று கண்டுபிடிக்க, கண்ணில் படாத ஒரு மூலையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டால் போதும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளை மாவு கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏ.ஏ.சி. சாம்பல் நிறத் தூள் வந்து, பிட் அடம்பிடித்து மெதுவாக நகர்ந்தால் அதுதான் கான்கிரீட். ஆனால் முதலில் வரும் தூளை நம்பக் கூடாது. அது பூச்சு. 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும் அந்தப் பூச்சு சுவருக்கு அழகு தரும், எடையைத் தாங்காது.

இப்போது அந்த ரெண்டு இஞ்ச் ஸ்குரூவைப் பாருங்கள். மொத்த நீளம் 50 மி.மீ. ஷெல்ஃபின் முதுகுப் பலகை 18 மி.மீ. பிளைவுட். பூச்சு 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கான்கிரீட்டுக்குள் போவது வெறும் 17 மி.மீ. மாட்டிய அன்று கெட்டியாகத்தான் இருக்கும். புத்தகம் சேரச் சேர, ஒருநாள் பூச்சோடு பெயர்ந்து வரும். பழி ஸ்குரூ மேல் விழும்.

கணக்கு ரொம்பச் சுலபம். பலகையின் தடிமன், பூச்சின் தடிமன், பிளக்கின் நீளம் மூன்றையும் கூட்டி, நுனி வெளியே எட்டிப்பார்க்க இன்னும் 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. நைலான் பிளக் ஒன்றின் நீளம் 40 மி.மீ. என்றால், 18, 15, 40, 5 கூட்டி 78. எனவே 80 மி.மீ. ஸ்குரூ. பிளக்கைப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளி உட்கார வைக்க வேண்டும். பூச்சின் விளிம்பிலேயே விட்டுவிட்டால் நீள ஸ்குரூ வாங்கிய காசு வீண்.

இந்த பிளக்குக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. அந்தக் காலத்தில் உளியால் சுவரைக் குடைந்து, மரக்கட்டையைச் சீவி அடித்து இறக்கி, அதில்தான் ஸ்குரூ முடுக்குவார்கள். கட்டை காய்ந்து சுருங்கினால் எல்லாம் ஆட்டம் காணும். 1910-களில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரில் பிளக் செய்தார். நம் எலெக்ட்ரீஷியன்கள் வாயில் இன்றும் புழங்கும் 'ராவல் பிளக்' அவர் பெயர்தான்! 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தார்.

பிளக் செய்யும் வேலை ஒன்றுதான். ஸ்குரூ நுழையும்போது விரிந்து, ஓட்டையின் சுவரை இறுக்கிப் பிடிக்கும். அதனால் 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், கையை ஆட்டாமல் போட்ட ஓட்டை. ஓட்டை பெரிதாகிவிட்டால் நம் ஆட்கள் தீக்குச்சியைச் சொருகுவார்கள். காலண்டருக்கு அது பரவாயில்லை. புத்தகத்துக்கு? 10 மி.மீ. பிளக்குக்கு மாறுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். ஓட்டையை பிளக்கைவிட 10 மி.மீ. கூடுதல் ஆழமாகப் போட்டு, உள்ளே தங்கிய தூளை சைக்கிள் பம்ப்பால் ஊதி எடுத்துவிட வேண்டும். தூள் தங்கினால் பிடிமானம் போய்விடும். ஊதும்போது கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம். கான்கிரீட் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் இருக்கும் சாதாரண ஹேமர் டிரில் செங்கலுக்குத் தாராளம். கான்கிரீட்டில் நாலைந்து ஓட்டைக்குத் தாக்குப்பிடிக்கும், அதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். பத்து ஓட்டை என்றால் ரோட்டரி ஹேமர் நல்லது. அது உள்ளே பிஸ்டனால் அடித்து அடித்துத் துளைப்பதால் கையால் அழுத்தவே வேண்டாம். ஒரு நாள் வேலைக்காக அதை விலைக்கு வாங்காதீர்கள், வாடகைக்கே கிடைக்கிறது. பலகையில் போடும் ஓட்டைக்கு மட்டும் மர பிட்தான். அந்த ஓட்டையில் ஸ்குரூ லூஸாக நுழைய வேண்டும், அப்போதுதான் முடுக்கும்போது பலகை சுவரோடு ஒட்டும்.

திடீரென்று பிட் இறங்காமல் கிறீச்சிட்டு, பொறி பறந்தால் நிறுத்துங்கள். கம்பி! தூணில் கம்பிக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி, ஐ.எஸ். 456. ஆழமாகப் போனால் கம்பி தட்டுப்படத்தான் செய்யும். அதை வெட்டிக்கொண்டு போகாமல் ஓர் இஞ்ச் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் போகும், அந்தப் பாதையில் ஓட்டையே வேண்டாம். அந்த அறையின் லைனை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வேலை செய்வது நல்லது.

கனமான சாமான்களுக்கு இரும்பு ஆங்கர் போல்ட். கான்கிரீட்டில் அது ராஜா. செங்கல்லையோ பிளாக்கையோ அது விரித்து உடைத்துவிடும், தூணின் ஓரத்திலும் அப்படியே. கூரையில் மரச்சட்டம் பொருத்தி எதையாவது தொங்கவிடுவதற்கு பிளாஸ்டிக் பிளக் கூடவே கூடாது. ஊஞ்சல் என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ வாங்குவது மேல். உப்புக்காற்று மற்றதை விட்டுவைக்காது.

பலரும் யோசிக்காத ஒன்று, பலகையின் உயரம். 30 செ.மீ. அகல ஷெல்ஃபில் 24 கிலோ புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். எடை, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. முதுகுப் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து 5 செ.மீ. மேலே ஸ்குரூ போட்டால், அவற்றைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை 72 கிலோ! அதே ஸ்குரூவை 20 செ.மீ. மேலே போட்டால் வெறும் 18 கிலோ. கூடுதல் ஸ்குரூ தேவையில்லை, பலகை கொஞ்சம் உயரமாக இருந்தால் போதும்.

கடையில் நம்மவர் 8 மி.மீ. பிட், நைலான் பிளக், 80 மி.மீ. ஸ்குரூ, ஒரு மாஸ்க் எல்லாம் வாங்கிக்கொண்டு பில் போடச் சொல்கிறார். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்கிறார், "ஷெல்ஃப் எந்த இடத்துல வருது சார்?"

"பையன் கட்டிலுக்கு நேர் மேலண்ணே. படுத்துக்கிட்டே எடுத்துப் படிக்கலாம்ல!"

"முதல்ல கட்டிலை அந்தப் பக்கம் நகத்துங்க சார். அப்புறம் ஓட்டை போடுங்க."