இரண்டு ஊசிக்கு நடுவே எத்தனை நாள் விடணும்?

"ஏனுங்க டாக்டர், சனிக்கிழமையானா சரவாங்கிக்கு ஊசி போட்டுக்கறேனுங்க. இப்பப் பையன் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கச் சொல்றானுங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஒடம்பு தாங்குமுங்களா?"

கிணத்துக்கடவிலோ பொள்ளாச்சியிலோ கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் இப்படிக் கேட்டால் அவர் ஆச்சரியப்பட மாட்டார். ஒரு காலத்தில் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளோடு நின்றுபோன மருந்துகள், இன்றைக்கு நம் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. 'அடாலிமுமாப்' என்ற விலை உயர்ந்த ஊசிக்கு உலகத்திலேயே முதல் மாற்று மருந்தை 'எக்ஸெம்ப்டியா' என்ற பெயரில் 2014-ல் கொண்டு வந்ததே நம் நாட்டு ஸைடஸ் கம்பெனிதான். சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் புண் நோயான கிரோன்ஸ், லூபஸ்... இப்படிப் பல நோய்களுக்கு இந்த ரக மருந்துகள்தான் கை கொடுக்கின்றன.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஃப்ளூ தடுப்பூசியை உடம்பு தாங்கும். அதில் சந்தேகமே வேண்டாம். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "தடுப்பூசி பிடிக்குமா?"

படைக்கு லீவு விட்டால்...

இந்த நோய்களில், நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டையும் தோலையும் குடலையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதனால் டாக்டர்கள் அந்தச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறார்கள். தடுப்பூசியோ அதே சக்தியைத் தட்டி எழுப்பி, "இதோ பார், கிருமி இப்படித்தான் இருக்கும், தயாராக இரு" என்று பாடம் நடத்துகிறது. ஒருபக்கம் தூங்க மருந்து, மறுபக்கம் பாடம்! பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம் எவ்வளவு மனசில் நிற்கும்?

தடுப்பூசி போட்டதும் அக்குள் பக்கத்து நெறிகட்டிகளில் ஒரு மும்முரமான வேலை ஆரம்பிக்கிறது. குறிப்பிட்ட கிருமியை அடையாளம் தெரிந்த வெள்ளை அணுக்கள் ஒன்று பத்தாக, பத்து நூறாகப் பெருகுகின்றன. இந்தப் பெருக்கம் மும்முரமாக நடப்பது முதல் இரண்டு வாரத்தில்தான். 'மெத்தோட்ரெக்ஸேட்' என்ற மருந்தின் வேலையே வேகமாகப் பெருகும் அணுக்களைத் தடுப்பது. தக்காளி நாற்று நட்டு அது வேர் பிடிக்கிற சமயமாகப் பார்த்துக் களைக்கொல்லி அடித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும்.

கொச்சியில் செய்து பார்த்தார்கள்

இதெல்லாம் வெறும் யூகம் அல்ல. பாலக்காடு வழியாகப் போனால் ஒரு பகலுக்குள் எட்டிவிடும் கொச்சியில், 2021-ல் கோவிஷீல்டு தடுப்பூசி போட்ட சமயத்தில், மூட்டுவாத நிபுணர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தடுப்பூசிக்குப் பிறகு இரண்டு வாரம் மருந்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் தொடர்ந்தார்கள். 2022-ல் முடிவு வெளியானபோது, நிறுத்தியவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது!

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காதே? இரண்டு டோஸுக்குப் பிறகும் மருந்தை நிறுத்தியவர்களில் மூட்டு வலி மறுபடி கிளம்பியவர்கள் அதிகம். அதனால் அவர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். இரண்டாவது டோஸுக்குப் பிறகு மட்டும் நிறுத்தினால் போதுமா என்று. போதும் போலத்தான் தெரிந்தது. எதிர்ப்புப் பொருள் நன்றாகவே ஊறியது, வலி கிளம்புகிற தொல்லையும் குறைவு. நம் ஊர்க்காரர்களுக்கு, நம் ஊர்த் தடுப்பூசியில் கிடைத்த பதில் என்பதால் இதற்கு நான் தனி மதிப்புக் கொடுக்கிறேன்.

அதே 2022-ல் இங்கிலாந்திலும் 254 பேரிடம் இதைச் செய்தார்கள். அங்கேயும் இரண்டு வாரம் நிறுத்தியவர்களுக்கு இரண்டு மடங்கு பலன். ஃப்ளூ ஊசி விஷயத்தில் தென் கொரியாக்காரர்கள் 2018-லேயே பார்த்துவிட்டார்கள். நிறுத்தியவர்களில் 100-க்கு 75 பேருக்கு ஊசி நன்றாகப் பிடித்தது. தொடர்ந்தவர்களில் 100-க்கு 54 பேருக்குத்தான்.

அப்படியானால் சனிக்கிழமை ஊசி?

அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வகுத்த வழிமுறையின்படி, ஃப்ளூ தடுப்பூசிக்குப் பிறகு, நோய் கட்டுக்குள் இருந்தால், மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தலாம். அந்த அம்மா ஒரு வியாழக்கிழமை ஃப்ளூ ஊசி போட்டுக் கொள்கிறார் என்று வையுங்கள். அடுத்து வரும் சனி, அதற்கடுத்த சனி, இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது சனிக்கிழமை பழையபடி ஆரம்பிக்கலாம். தடுப்பூசிக்கு முன்னால் நிறுத்தத் தேவையில்லை. இதை அவருடைய டாக்டர் "சரி" என்று சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். ஏனென்றால் மூட்டு வீங்கிச் சிவந்து கிடக்கிற நேரத்தில் மருந்தை விட்டால், மறுபடி அடக்குவதற்குள் பாடாய்ப் படுத்திவிடும்.

இரண்டு வாரம் விட்டோமே என்று மூன்றாவது வாரம் சேர்த்துப் போடாதீர்கள்! மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தரம் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. மாத்திரையாக எடுப்பவர்கள் தினசரி மாத்திரை என்று தப்பாக நினைத்து விழுங்கி, வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தான கதைகள் உண்டு. காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

நிமோனியா தடுப்பூசி போன்ற, உயிருள்ள கிருமி இல்லாத மற்றவற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டாம் என்பதுதான் அதே சங்கத்தின் யோசனை. அடாலிமுமாப், எட்டனெர்செப்ட் போடுபவர்களும் இந்த ரகத் தடுப்பூசிகளுக்காக நாள் மாற்ற வேண்டியதில்லை.

'ரிடுக்ஸிமாப்' மட்டும் தனிக் கதை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஏற்றுவார்களே, அது. எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் பி அணுக்களையே அது துடைத்துவிடுகிறது. அவை திரும்ப வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். ஏற்றின அடுத்த மாதமே போய்த் தடுப்பூசி போட்டால் காசுக்குப் பிடித்த கேடு என்றுகூடச் சொல்லலாம். ஆகவே அடுத்த தவணை நெருங்கும்போது தடுப்பூசியைப் போட்டுக் கொண்டு, அதன்பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்து ரிடுக்ஸிமாபை ஏற்றுகிறார்கள். ஜனவரியில் ஏற்றினவர் ஜூலைத் தவணைக்கு முன்னால் தடுப்பூசியை முடிப்பது போல. ஃப்ளூவுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். சீஸன் வந்துவிட்டால் கிடைக்கிற பலன் கிடைக்கட்டும் என்று போட்டுவிட வேண்டியதுதான்.

ஸ்டீராய்டு மாத்திரை தினம் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்கள், ஃப்ளூ தவிர மற்ற தடுப்பூசிகளுக்கு அளவு குறையும் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் தடுப்பூசிக்காக ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ நேரிடும். சிறுநீரகம், ஈரல் மாற்றிக் கொண்டவர்களும் தங்கள் மருந்தில் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. போட்ட உறுப்பையே உடம்பு தள்ளிவிடும்.

நாய் கடித்தால் நாள் பார்க்காதீர்கள்

மேலே சொன்ன கணக்கெல்லாம் நிதானமாகப் போடுகிற தடுப்பூசிகளுக்குத்தான். விடிகாலையில் பால் வாங்கப் போகிற வழியில் தெருநாய் பிடுங்கிவிட்டது என்றால் கணக்கு, காலண்டர் எதுவும் கிடையாது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "போன சனிக்கிழமைதான் ஊசி போட்டேன், பத்து நாள் போகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டால், வந்த பிறகு பிழைக்க வழியே இல்லாத நோய் வெறிநாய்க்கடி.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தத் தடுப்பூசியைத் தோலுக்குள் கொஞ்சமாகப் போடுகிற முறை உண்டு. எல்லோருக்கும் அது போதும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தசையில் போடுகிற முழு அளவு ஊசி, 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில், ஐந்து தவணையும் வேண்டும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ரத்தம் வராத சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும் சரி. "அம்மிணி, நான் இந்த மருந்து போட்டுக்கறேன்" என்று நர்ஸிடம் வாய் திறந்து சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். மருந்துச் சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். இரும்பு குத்தினால் போடும் டி.டி. ஊசிக்கும் தள்ளிப்போடல் கிடையாது.

உயிருள்ள தடுப்பூசிகள்

பி.சி.ஜி., எம்.எம்.ஆர்., அம்மைத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து இவற்றில் பலவீனப்படுத்திய, ஆனால் உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாது. படைக்கு லீவு விட்ட உடம்பில் அதுவே நோயாக மாறக்கூடும். இங்கே பிரச்னை, பிடிக்குமா என்பதல்ல, ஆபத்து என்பதே. மருந்தை முன்னாலும் பின்னாலும் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்து, நிபுணர் சொன்னால் மட்டும் போட வேண்டும். போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிற திருச்செங்கோட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட முடியாதவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் தர வழி உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய், பிறந்து மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் தங்கும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஒரு தாயின் குழந்தைக்கு பி.சி.ஜி. போட்டதில், அந்தக் கிருமியே உடம்பெல்லாம் பரவி, நாலரை மாதத்தில் குழந்தை இறந்து போனது. 2010-ல் மருத்துவ இதழில் வெளியான சோகம் அது. நம் ஊரில் பி.சி.ஜி. ஊசியைப் பிறந்த கையோடு போட்டுவிடுகிறார்களே! பிரசவ வார்டின் அந்த அவசரத்தில் எடுத்துச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏழாம் மாதத்திலேயே பிரசவ டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் சொல்லி, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பி.சி.ஜி.யைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளி வைப்பார்கள். எத்தனை மாதம் என்பதை மருந்தைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். சொட்டு மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள். மற்றத் தடுப்பூசிகள் வழக்கமான தேதியில் நடக்கும். (மெத்தோட்ரெக்ஸேட்டைக் கர்ப்ப காலத்தில் தொடவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

ஆரம்பிப்பதற்கு முன்பே

உண்மையில் தடுப்பூசிக்கு நல்ல நேரம், இந்த மருந்துகளை ஆரம்பிப்பதற்கு முந்திய சில வாரங்கள்தான். உயிரற்ற தடுப்பூசியானால் இரண்டு வாரம் முன்னால், உயிருள்ளது என்றால் நாலு வாரம் முன்னால். டாக்டர் முதல் தடவை பெரிய ஊசியைப் பற்றிப் பேசும்போதே, "தடுப்பூசி எதாச்சும் போட்டுக்கணுமுங்களா?" என்று கேட்டு விடுங்கள். ஃப்ளூ, நிமோனியா, மஞ்சள் காமாலை 'பி', ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி அம்மைத் தடுப்பூசி என்று ஒரு பட்டியல் வரும். அக்கிக்கு 2023-ல் இந்தியாவுக்கு வந்த 'ஷிங்ரிக்ஸ்' உயிரற்ற ரகம் என்பதால், மருந்து எடுத்துக் கொண்டே இரண்டு தவணையாகப் போடலாம். விலைதான் கொஞ்சம் கசக்கும்.

மஞ்சள் காமாலை 'பி'க்கு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஈரலில் சத்தமில்லாமல் தூங்கிக் கொண்டிருக்கும் அந்த வைரஸ், ரிடுக்ஸிமாப் ஏற்றிய பிறகு விழித்துக் கொண்டால் தடுப்பூசியால் அதைத் திரும்பத் தூங்க வைக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் டாக்டர் அடுத்த ஊசியைத் தொடுவார்.