பிசியோதெரபி செய்கிறவர்கள் ஊசி குத்தலாமா?



கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் பிசியோதெரபி நிலையங்களில் ஊசி குத்துகிறார்களாமே, அது சீன வைத்தியமல்லவா, காணிக்கையால் தாங்கப்படும் ஆஸ்பத்திரியில் அதற்கு இடமுண்டா என்று உங்களில் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் சகோதரிகள் கழுத்து வலியோடு வந்து, "அந்த ஊசி இங்கே இல்லையா?" என்கிறார்கள்.

இதற்கு டிரை நீட்லிங் என்று பெயர். ஊசியில் மருந்து கிடையாது. இறுகி முடிச்சு விழுந்த தசையை விரலால் தடவிக் கண்டு, அங்கே சன்னமான ஊசியைச் செலுத்துகிறார்கள். முன்பு இம்முடிச்சுகளில் மரத்துப்போகும் மருந்தை ஏற்றுவார்கள். ஆறுதல் தருவதில் மருந்து மட்டுமல்ல, ஊசிக்கே தனிப் பங்குண்டு என்று செக்கோஸ்லோவாக்கிய மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். இதன் விளக்கம் தசையையும் நரம்பையும் பற்றியதே. விசுவாசத்தைக் குறித்து யாரும் கலங்க வேண்டாம். ஊசி என்னவோ அக்குபங்சர் ஊசிதான்!

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிற்று. பிசியோதெரபி உரிமத்தில் இது அடங்காது என்று வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் 2016இல் கருத்துரைத்தார். வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2018இல் அடங்கும் என்றது. ஊசி யாருடைய சொத்து என்பதே அங்கே பெரிய வாதம். ஊசிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று குத்துகிறவருக்குத் தெரியுமா என்பதே நோயாளியின் கேள்வி.

நுரையீரலின் நுனி காறை எலும்புக்கும் மேலே எட்டி நிற்கிறது. தோளிலோ விலாவின் மேலோ ஊசி சற்று ஆழமாகப் போனால் நுரையீரல் ஓட்டையாகி, நெஞ்சறையில் காற்று சேரும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடற்கூறு படித்தவர்கள் என்பதால் பிசியோதெரபிஸ்டுகளுக்கு இதை மறுப்பது சரியல்ல. இரண்டு நாள் வகுப்பை நம்பி அனுமதிப்பதும் சரியல்ல. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பிசியோதெரபியை ஒரு தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. பயிற்சியின் அளவை அதுவே வகுப்பது நலம். எங்கள் பகுதியில், மேற்பார்வையில் பழகித் தேறாத எவரும் ஊசியைத் தொடமாட்டார்கள். ஊசி தருவது பெரும்பாலும் சில வாரங்களின் ஆறுதலே. உடற்பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

வெளியே ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால், சில மணி நேரம் கழித்தே வந்தாலும், உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள். ஊசி குத்தியதை மறவாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.