கோணல் மரமும் குழந்தையின் காலும்

என்பு, மூட்டு ஆகியவற்றின் குறைகளைத் தீர்க்கும் மருத்துவத் துறையை மேனாட்டார் 'ஓர்தோபீடிக்ஸ்' என்பர். இச்சொல்லைப் பிரித்துப் பொருள் காணப் புகுந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. 'ஓர்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல் நேரானது எனப் பொருள்படும். 'பைதியொன்' என்பது குழந்தை. என்பைப் பற்றி இப்பெயரில் ஒரு குறிப்பும் இல்லை. உள்ளது நிமிர்ந்த குழந்தை ஒன்றே. 1741ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து மருத்துவர் நிக்கொலா அந்திரி, 80 வயதைக் கடந்த நிலையில், பெற்றோருக்கென எழுதிய நூலுக்கு இப்பெயரைப் புனைந்து சூட்டினார். கோணி வளர்ந்த இளமரம் ஒன்றை நேரான கம்போடு கயிற்றாற் பிணைத்திருக்கும் படம் அந்நூலில் உண்டு. இன்றும் என்பு வைத்தியர் சங்கங்கள் பல அதனையே இலச்சினையாகக் கொண்டுள்ளன.

அழகிய படமே; ஆயினும் அது பெற்றோரைச் சிறிது மயக்கியும் விட்டது என்பேன். கட்டினால் நிமிரும் என்ற எண்ணத்தினாலே எத்தனையோ குழந்தைகள் இரும்புச் சட்டங்களையும் கனத்த சப்பாத்துக்களையும் சுமந்தனர். அக்கால்களுட் பெரும்பாலானவை கட்டாமலே நிமிர்ந்திருக்கும். பிறந்த குழந்தையின் கால் வில்போல் வெளிவளைந்திருத்தல் இயல்பு. ஏறக்குறைய 2 வயதளவில் அவ்வளைவு நீங்கும். பின்னர்க் கால் மறுபுறம் சாய்ந்து, 3, 4 வயதிலே முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும். கணுக்கால்கள் விலகி நிற்கும். 7 வயதளவில் அதுவும் தணிந்து, வளர்ந்தோர் காலின் நிலையை எய்தும். பின்லாந்து நாட்டவரான சலேனியஸ், வான்கா என்னும் இருவர் பல நூறு குழந்தைகளின் கால்களை அளந்து இம்முறைமையை 1975இல் வெளியிட்டனர். எண்ணெய் பூசி உருவுதலும் துணியாற் சுற்றிக் கட்டுதலும் இம்மாற்றத்தை விரைவுபடுத்துவன அல்ல. பேத்தியாருக்கு மனநிறைவு தருவன.

இவ்வளவையும் கற்றிருந்தமையே என்னைப் பிழைசெய்வித்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அயல்வீட்டுத் தாய் ஒருத்தி தன் 10 வயது மகளை அழைத்து வந்து, "பண்டிதர் ஐயா, இவளின்ரை வலது முழங்கால் உள்ளுக்குச் சாயுது, ஓடினால் நோகுதாம்" என்றாள். "வளர வளரத் தானே நிமிரும், தங்கச்சி" என்றேன். அவள் நம்பினாள், கற்றவன் வாய்ச்சொல் அல்லவா! ஓராண்டு வீணே கழிந்தது.

7 வயது கடந்தபின் கால் தானே நிமிர்தல் அரிது. ஒரு கால் மட்டும் கோணினும், நோவிருப்பினும், கோணல் நாளுக்குநாள் மிகினும், பிள்ளை வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பினும் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். விற்றமின் டி குறைவால் வரும் றிக்கெற்ஸ் நோயாயின், குறைந்த சத்தை ஊட்ட என்பு வலுப்பெற்று வளைவும் பெரும்பாலும் குறையும்.

அவளுக்கு அந்நோய் இல்லை. நிற்கவைத்து, இடுப்பு முதற் கணுக்கால் வரை எக்ஸ்றே படம் எடுத்தனர். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு இழுத்த கோடு முழங்காலின் நடுவே செல்லவேண்டும். அவளுக்கோ வெளியோரமாகச் சென்றது. நீண்ட என்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் மெல்லிய படை உண்டு. என்பு நீளுவது அவ்விடத்திலேதான். சத்திரவைத்தியர், தொடையென்பின் கீழ்முனையில் அத்தட்டின் உட்புறத்தை மாத்திரம் மறித்து, சிறிய உலோகத் தகடொன்றை இரு திருகாணிகளாற் பொருத்தினார். உட்புறம் வளர்ச்சி தடைப்பட்டது, வெளிப்புறம் வளர்ந்தது, கால் சிறிது சிறிதாக நிமிர்ந்தது. அந்திரியின் மரத்தைக் கயிறு இழுத்தது. இங்கோ இழுப்பார் எவருமிலர். நிமிர்த்துவது பிள்ளையின் வளர்ச்சியே. ஆகையால் வளர்ச்சி எஞ்சியிருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 14, ஆண்பிள்ளைகளுக்கு 16 வயதளவில் அத்தட்டு என்பாக இறுகிவிடும். அதன்பின் என்பை வெட்டி நேராக்குதலே வழி. அவளுக்கு எஞ்சியிருந்த சில ஆண்டுகளுள் ஒன்றை என் சொல் தின்றுவிட்டது.

மூன்று மாதத்துக்கொரு முறை கொண்டுசென்று காட்டினர். 14 மாதத்தில் தகட்டைக் கழற்றினர். மேலும் விட்டுவைத்தால் கால் மறுபுறம் வளையத் தொடங்குமாம்.

சென்ற மாதம் படலையடியிற் கண்ட தாய், "ஐயா, இவன் தம்பியின்ரை காலையும் ஒருக்காப் பாருங்கோ" என்றாள். தம்பிக்கு வயது 3. முழங்கால்கள் இரண்டும் ஒத்தபடி முட்டுகின்றன. வைத்தியரிடமே காட்டச் சொன்னேன். அவரும், "வளர வளரத் தானே நிமிரும்" என்றுதான் சொன்னாராம்.